மேல் தட்டு லேப்டாப்புகள்

மார்ச் 3, திங்கள்

இன்று என்ன படித்தோம், எங்கே முட்டி நின்றோம் என்று தினமும் எழுத வேண்டுமாம். கோடிங் வகுப்பு நிர்மல் சாரின் உத்தரவு. எனக்கு இருபத்தொன்பது வயது. அவருக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாகத்தான் இருக்கும். இருந்தாலும் சார் என்றால் சார்தான். "தமிழ்ல எழுதலாமா சார்?" என்று கேட்டேன். "எதுல வேணாலும் எழுதுங்க, யாரும் வாங்கிப் படிக்கப் போறதில்ல" என்றார். அது போதும்.

படித்தது: ஒன்றுமில்லை. முதல் நாள். எல்லோரும் பெயரையும் பார்க்கிற வேலையையும் சொன்னார்கள். மற்றதெல்லாம் காலேஜ் முடித்த கையோடு வந்த பிள்ளைகள். நான், "ஹெப்சிபா, பாளையங்கோட்டையில லேப்டாப் ரிப்பேர் கடை" என்றேன். "பில் போடுவீங்களாக்கா?" என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள். "இல்ல, கழத்தி மாட்டுவேன்" என்றேன். அவள் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிட்டாள்.

நான் ஒன்றும் ஆசைப்பட்டுச் சேரவில்லை. போனில் கோடிங் வீடியோ பார்த்ததை கிருபா மதினி அண்ணனிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். அவன் மறுநாளே வண்ணார்பேட்டையில் இந்த வகுப்புக்குப் போய் என் பெயரைப் பதிந்துவிட்டு வந்தான். சும்மா பார்த்தேன் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? சமையல் வீடியோவும்தான் பார்க்கிறேன். அதற்காக ஓட்டலிலா சேர்த்துவிட்டான்?

சரி, கடைக்கு ஒரு புரோகிராம் எழுதத் தெரிந்தால் லாபம்தான். அவ்வளவுதான் காரணம்.

மார்ச் 5, புதன்

காலையில் ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அண்ணன் கல்லாவில் இல்லை. என்னைப் பார்த்துவிட்டு, "ஆள் இல்லியாம்மா?" என்றார். "நான்தான் ஆள்" என்றேன். "இல்லம்மா, ரிப்பேர் பாக்குற ஆள்." "அதுவும் நான்தான்." போவதா நிற்பதா என்று யோசித்துக்கொண்டே நின்றார். சார்ஜ் ஏறும் இடத்தில் சால்டர் விட்டிருந்தது. அவர் கண் முன்னாலேயே பற்றவைத்து ஆன் பண்ணிக் கொடுத்தேன். போகும்போது, "அண்ணன் சொல்லிக் கொடுத்தாரோ?" என்கிறார். எழவு!

அண்ணன் ஜெபசிங்குக்கு ஸ்குரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. அவனுக்குத் தெரிந்தது பேச்சு. வருகிறவர்கள் வீட்டு விசேஷம்வரை விசாரித்து, அழுகிற முகத்தோடு வந்தவரைச் சிரிக்க வைத்து அனுப்புவான். உள்ளே மேசையில் நான். எட்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மெஷின் இனிப் பிழைக்காது என்று தெரிந்தால், முடியாது என்று சொல்ல மாட்டோம். "பாத்துக்கிடுவோம், இருக்கட்டும்" என்போம். அதற்கென்று சுவரில் மேல் தட்டு ஒன்று இருக்கிறது. மெஷின் அங்கே ஏறிவிடும். வாடிக்கையாளர் ஒரு தடவை வருவார், ரெண்டு தடவை வருவார், அப்புறம் வேறு புதுசு வாங்கிக்கொண்டு மறந்துவிடுவார். யார் மனசும் நோகாது. இது அண்ணன் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான்.

மார்ச் 11, செவ்வாய்

வகுப்பில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார். பத்துப் பெயரை வரிசையாக அச்சடிக்க வேண்டும். எனக்கு ஒன்பதுதான் வந்தது. எங்கள் ரிப்பேர் வழக்கப்படி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். இதை எடுத்து அதைப் போடு, அதை எடுத்து இதைப் போடு. எப்படியோ பத்து வந்துவிட்டது. சார் வந்து, "எதனால சரியாச்சு?" என்றார். "தெரியல சார், ஓடுதுல்லா?" என்றேன். பிள்ளைகள் சிரித்தன. "அப்ப இன்னும் சரியாகல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. போர்டில் எந்த ஐசி சிப் போயிற்று, ஏன் போயிற்று என்று நான் ஆராய்ந்துகொண்டிருந்தால் கடை ஓடுமா?

ஆனால் பஸ்ஸில் வரும்போது ஒன்று தோன்றியது. ரிப்பேரில் என் கைக்கு வருவது ஒரு காலத்தில் நன்றாக ஓடிய பொருள். யாரோ சரியாகச் செய்துவிட்டார்கள். பழையபடி ஆக்கினால் என் வேலை முடிந்தது. இதில் அப்படியில்லை. ஒருநாளும் ஓடாத ஒன்றை ஓட வைக்க வேண்டும். அது சரியா தப்பா என்று ஒத்துப் பார்க்க வேறு நல்ல மெஷின் கிடையாது. யம்மா, இது நமக்கு ஒத்துவராது.

மார்ச் 12, புதன்

இன்று ஒன்றும் படிக்கவில்லை. அந்த ஒன்பது ஏன் பத்தாகவில்லை என்று மட்டும் பார்த்தேன். எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்குகிறது, நான் ஒன்றில் தொடங்கிவிட்டேன். சோறு ஆறிப்போயிற்று என்று மதினி வைதாள். அப்புறம் இருபது பெயருக்கும் நூறு பெயருக்கும் போட்டுப் பார்த்தேன். ஓடுகிறது. ஏன் ஓடுகிறது என்றும் தெரிகிறது.

மார்ச் 22, சனி

லீலாவதி டீச்சர் வந்திருந்தார்கள். ரிட்டயர்ட் டீச்சர், மகாராஜநகரில் வீடு. ஜனவரியில் கட்டிலிலிருந்து லேப்டாப் விழுந்துவிட்டது. உள்ளே ஹார்ட் டிஸ்க் வட்டு முழுக்கக் கீறல். சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்பிப் பார்த்தோம், அவர்களும் கையை விரித்துவிட்டார்கள். இது பிப்ரவரியிலேயே தெரியும். லேப்டாப் மேல் தட்டில் இருக்கிறது.

அதில் அவர்கள் வீட்டுக்காரர் பேசிய வீடியோக்கள் இருந்தன. அவருக்குக் கேன்சர். தான் போய்விடுவோம் என்று தெரிந்து, டீச்சர் தனியாகத் திண்டாடக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பேசிப் பதிந்து வைத்திருக்கிறார். மோட்டார் போடுவது எப்படி, இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்படி, பென்ஷன் ஆபீஸில் யாரைப் பார்ப்பது. டீச்சர் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். மீதியை ஒரேயடியாகப் பார்த்து முடித்துவிட மனசு வரவில்லையாம்.

"என்னம்மா ஹெப்சி, எதும் வழி தெரிஞ்சுதா?"

"பாத்துக்கிட்டிருக்கோம் டீச்சர்."

"அவசரமில்லம்மா. நீ நிதானமாப் பாரு."

அண்ணன் டீ வாங்கிக் கொடுத்து, பேரன் பரீட்சை பற்றி விசாரித்து அனுப்பினான். சிரித்துக்கொண்டுதான் போனார்கள்.

மார்ச் 29, சனி

நிர்மல் சார் ஒரு சார்ஜர் வாங்கக் கடைக்கு வந்தார். வந்தவர் சும்மா போகாமல், "உங்க தங்கச்சிக்கு நல்லா வருது. சென்னையில எங்க சிநேகிதர் கம்பெனியில ஆள் எடுக்காங்க. மே மாசம் டெஸ்ட் எழுதட்டும்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார். அண்ணன் சார்ஜரைச் சுற்றிக் கொடுத்தபடியே, "அதுக்கென்ன சார், எழுதட்டும். பாத்துக்கிடுவோம்" என்றான். சாயந்திரம்வரை அவன் பேச்சு ஒரு மாதிரி குறைந்திருந்தது. பல்வலியாக இருக்கும்.

ஏப்ரல் 9, புதன்

போர்டு வேலையே, அதாவது பிரித்துப் பார்க்கிற ரிப்பேரே, வருவதில்லை. வாரத்துக்கு ஏழெட்டு வரும், இப்போது ஒன்றிரண்டு வந்தால் பெரிசு. பரீட்சை நேரம், வெயில் வேறு மண்டையைப் பிளக்கிறது. யார் வெளியே வருவார்கள்? இந்த லட்சணத்தில் அண்ணன் போன் கவர், ஹெட்போன், பிரிண்டர் மை என்று வாங்கிக் குவிக்கிறான். "ரிப்பேர் கடையா, பேன்சி ஸ்டோரா?" என்று கேட்டேன். "விக்கிறது விக்கட்டும்" என்கிறான். கிறுக்கு பிடித்துவிட்டது.

வேலை இல்லாததால் புரோகிராம் எழுதுகிறேன். பொழுது போக வேண்டாமா? மெஷின் தயாரானதும் வாடிக்கையாளர் போனுக்குத் தானாகவே செய்தி போக வேண்டும். வகுப்பில் கடைசியாகக் கொடுக்க வேண்டிய வேலைக்கும் இதையே சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

முடிந்துவிட்டது! கடையில் இருக்கிற மெஷின் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். பெயர், போன் நம்பர், பக்கத்தில் 'வேலை நடக்கிறதா' என்று ஒரு கட்டம். ஆம் என்றால் சும்மா இருக்கும். இல்லை என்றால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம், உடனே செய்தி போகும்.

பொய்ப்பெயரும் பொய் நம்பரும் போட்டு முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார் சார். எங்கள் தொழிலில் பொய் லேப்டாப் என்று ஒன்று கிடையாது. ஓடுகிறதா என்று பார்க்க ஓட்டித்தான் பார்க்க வேண்டும். ஈஸ்டர் முடியட்டும், திங்கட்கிழமை கடை திறந்ததும் ஓட்டிவிடுகிறேன்.

ஏப்ரல் 21, திங்கள்

எழுதி முடித்தால்தான் மனசு அடங்கும்.

காலையில் ஜெபம் பண்ணிவிட்டு ஓட்டினேன். தயாராக இருந்த மூன்று பேருக்கும் செய்தி போயிற்று. "உங்கள் லேப்டாப் தயார். கடைக்கு வந்து பெற்றுக்கொள்ளவும். நன்றி." அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அடி சக்கை!" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதலில் ஒருவர் ஈஸ்டர் கேக்கோடு வந்தார். "ஏழு மாசமாச்சு, நான் நம்பிக்கையே விட்டுட்டேன். பரவால்லியே, எப்படியோ சரி பண்ணிட்டியளே!" என்று அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அந்த மெஷின் மேல் தட்டில் தூசி பிடித்துக் கிடக்கிறது. அவர் நின்றுகொண்டிருக்கும்போதே இன்னொருவர் வந்தார். பிறகு ஒரு அம்மா, மகளையும் கூட்டிக்கொண்டு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேல் தட்டு மெஷின் எதிலும் வேலை நடக்கவில்லை. நடக்கவில்லை என்றால் 'இல்லை'. 'இல்லை' என்றால் தயார். செத்துப்போன மெஷின் ஒவ்வொன்றின் சொந்தக்காரருக்கும் தயார், வா என்று நானே கூப்பிட்டிருக்கிறேன்.

அண்ணன், "டீ சொல்லிட்டு வாரேன்" என்று இறங்கிப் போனான். போனவன் போனவன்தான். நான் ஒருத்தியாக நின்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். கேக் கொண்டுவந்தவர் கேக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். மகளோடு வந்த அம்மா, "வெவஸ்த கெட்ட கடை" என்று தெருவெல்லாம் கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

லீலாவதி டீச்சர் பதினோரு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சேலையில் மஞ்சள் கறை. "மெசேஜ் பாத்ததும் குழம்ப அப்படியே எறக்கி வச்சிட்டு வந்துட்டேன்" என்றார்கள். பையிலிருந்து துண்டை எடுத்தார்கள். லேப்டாப்பைச் சுற்றி எடுத்துப் போவதற்கு. ஆட்டோவை நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. "டீச்சர், அது சரியாகல. தப்பா மெசேஜ் போயிட்டு. அது சரியாகவே ஆகாது டீச்சர்."

துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். "எப்ப தெரியும்?" என்று கேட்டார்கள். வகுப்பில் கேட்பது மாதிரிதான் கேட்டார்கள்.

"பிப்ரவரியிலயே தெரியும்."

ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பிறகு சொன்னார்கள்: "அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே அழுதிருப்பேம்மா. இப்ப இந்த ரெண்டு மாசமும் தினமும் நெனச்சுக்கிட்டு இருந்திட்டேன், வந்ததும் முதல்ல எதப் பாக்கணும்னு."

நான் ஏறி லேப்டாப்பை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார்கள். என்னை ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருக்கலாம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இனி அந்தப் பக்கமே போகப் போவதில்லை. நான் மெக்கானிக். நான் ஒரு போர்டைக் கருக்கினால் ஒருத்தருக்குத்தான் நஷ்டம். இது ஒரு வரி தப்பினால் ஊரையே கூட்டி அழ வைக்கிறது. வகுப்புக்குப் போகவில்லை. நிர்மல் சார் போன் பண்ணினார், எடுக்கவில்லை.

ஏப்ரல் 23, புதன்

எங்கே தப்பு என்று மட்டும் பார்ப்போம் என்று திறந்தேன். படிக்க அல்ல.

புரோகிராமில் தப்பே இல்லை. நான் சொன்னதை அது அப்படியே செய்திருக்கிறது. வேலை நடக்கிறது, தயார் என்று ரெண்டே நிலைமைதான் கொடுத்திருக்கிறேன். 'முடியவில்லை' என்று மூன்றாவதாக ஒன்றை நான் வைக்கவே இல்லை. ஏன் வைக்கவில்லை என்று யோசித்தேன். எங்கள் கடையில் அந்த வார்த்தையே கிடையாது. எட்டு வருஷமாக நானும் சொன்னதில்லை, அண்ணனும் சொன்னதில்லை. வாயில் இல்லாதது புரோகிராமில் எங்கிருந்து வரும்?

வைத்துவிட்டேன். அதற்குத் தனிச் செய்தி: "உங்கள் லேப்டாப்பைச் சரி செய்ய முடியவில்லை. வருந்துகிறோம்." ஆனால் அது தானாகப் போகாது. யாராவது போனில் பேசிச் சொன்ன பிறகுதான் போகும். எந்தச் செய்தியானாலும், அனுப்பும் முன் யார் யாருக்குப் போகிறது என்று பெயர்களைக் காட்டி, சரியா என்று கேட்கும். பொய்ப்பெயர் போட்டு நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தேன். மல்லிகா, மாலா, மங்கை. சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை என்று மதினியிடம் இன்றும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 26, சனி

செய்தி பார்த்தும் வராமல், மேல் தட்டில் மெஷின் மிச்சம் இருந்தவர்களுக்கு நானே போன் பண்ணிச் சொல்ல உட்கார்ந்தேன். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

"ஏட்டி, முடியாது முடியாதுன்னு சொல்லிட்டிருந்தா அடுத்த தடவ நம்மகிட்ட வருவாவளா?"

"டீச்சர் வந்து நின்னாவல்லா, அப்ப நீ எங்க போன? டீக்கடையில போயி ஒளிஞ்சிட்ட."

அண்ணன் ஹெட்போன் பாக்கெட்டுகளைத் தொங்கவிடப் போய்விட்டான்.

ஒருவர் கண்டபடி திட்டினார். ஒருவர், "தெரியும்மா, நீங்களாச் சொல்லுதியளான்னுதான் பாத்தேன்" என்றார். அது திட்டியதைவிட மோசம். தட்டு பாதி காலியாகிவிட்டது.

திங்கட்கிழமையிலிருந்து வகுப்புக்குப் போகலாம் என்று இருக்கிறேன். கட்டிய பணம் வீணாகக் கூடாது.

மே 2, வெள்ளி

அந்தச் சென்னைக் கம்பெனி டெஸ்ட் எழுதினேன். பரவாயில்லை.

ஒரு கேள்வி நன்றாக இருந்தது. ஆஸ்பத்திரி டோக்கன். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே யாராவது எழுந்து போய்விட்டால் என்ன செய்வாய்? எல்லோரும் அடுத்தவரைக் கூப்பிடுவதோடு விட்டுவிட்டார்களாம். நான், எழுந்து போனவர் திரும்பி வந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதினேன். வருவார்கள். எனக்குத் தெரியாதா? நேரம் முடிந்துவிட்டது, இல்லாவிட்டால் இன்னும் எழுதியிருப்பேன். வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு.

மே 9, வெள்ளி

கம்பெனியிலிருந்து மெயில் வந்துவிட்டது. எடுத்துக்கொள்கிறார்கள்.

ரெண்டு வழி கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அனுபவம் இருப்பதால் அவர்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற ரிப்பேர் பிரிவில் நேராகவே சேரலாம். அல்லது புரோகிராமராகச் சேரலாம், ஆனால் அங்கே முதலிலிருந்து பழகுகிற பயிற்சி ஆள்தான். மே 15க்குள் பதில் வேண்டும்.

நிர்மல் சார், "எது?" என்று கேட்டார். "பாத்துக்கிடுவோம் சார்" என்றேன்.

ரிப்பேர் என்றால் முதல் நாளே கெட்டிக்காரி. சென்னையானாலும் ஸ்குரூ ஸ்குரூதான். அதுவும் வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. கடை இப்படிப் படுத்துக் கிடக்கிற நேரத்தில் நானும் போய்விட்டால் அண்ணன் கதி என்ன? அவனுக்குச் சின்னப் பிள்ளை வேறு இருக்கிறது. கடைக்காகத்தான் யோசிக்கிறேன். பயமெல்லாம் ஒன்றும் இல்லை.

மே 13, செவ்வாய்

வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தால், எதிரே இன்னொரு சர்வீஸ் கடையிலிருந்து ஸ்டூடியோ மாசிலாமணி அண்ணாச்சி லேப்டாப் பையோடு இறங்குகிறார். கடை ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் வாடிக்கை. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆத்திரம், ரோட்டைத் தாண்டிப் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன அண்ணாச்சி, எங்க கடை கசந்துட்டோ?"

அவர் முழித்தார். "ஏம்மா, உங்க அண்ணன்தான இங்க அனுப்புனாரு? தங்கச்சி மெட்ராசுக்கு வேலைக்குப் போகப் போறா, இனி போர்டு வேலைக்கு இவுகளப் பழகிக்கிடுங்கன்னாரு. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே, உனக்குத் தெரியாதா?"

வகுப்புக்குப் போகவில்லை. நேராகக் கடைக்கு வந்தேன். அண்ணன் ஒரு பெண்ணுக்குப் போன் கவர் காட்டிக்கொண்டிருந்தான். அவள் போகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"யாரயெல்லாம் வேற கடைக்கு அனுப்புன?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. "போர்டு வேலன்னு வந்தவுகள."

"வெயில் காலம்னு ஒவ்வொரு நாளும் நான் பொலம்பும்போது வாய மூடிட்டு உக்காந்திருந்திருக்க!"

"நீ போன பெறவு அவுக வந்து நின்னா நான் என்னட்டி செய்ய? நானா கழத்துவேன்? இப்பமே ஒரு வழி காட்டி விட்டாத்தான் மரியாத. எனக்கும் கவரு, மைன்னு விக்கப் பழகணும்."

"நான் போறேன்னு உன்கிட்ட சொன்னனா?"

"சொல்ல மாட்ட. போகலன்னும் சொல்ல மாட்ட. சாப்பிடாமக் கொள்ளாம அதுலயே கெடப்ப, கேட்டா சும்மாம்ப. பாத்துக்கிடுவோம் பாத்துக்கிடுவோம்னு நீயும் அந்தத் தட்டுலயே ஏறி உக்காந்திருக்க."

சண்டை போடத்தான் வந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "பயமா இருக்குண்ணே" என்றேன். "இங்க எல்லாரும் என்னத் தேடி வாராவ. அங்க போயி சின்னப் பிள்ளைகளுக்கு நடுவுல ஒண்ணும் தெரியாம முழிச்சிட்டு உக்காந்தா? திரும்பவும் ஒரு தப்பு பண்ணி நாலு பேர அழ வச்சா?"

"முழி. இங்க முழிக்கலயா? முதல் போர்ட நீ பொசுக்குன பொசுக்குல உன் மதினி தண்ணிக் குடத்தத் தூக்கிட்டு ஓடி வந்தா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை.

"போகலன்னா சொல்லு. நாளைக்கே எல்லாரையும் திரும்பக் கூப்பிடுதேன். எனக்கு அதான் வேணும், தெரியுமா? நீ இல்லாம இந்தக் கடைய எனக்கு நெனச்சுப் பாக்கவே முடியல. ஆனா என் மனசுக்காக நீ இருக்காண்டாம். ரெண்டுல ஒண்ணு வாயத் தெறந்து சொல்லு."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மே 14, புதன்

காலையில் மேசையைத் துடைத்தேன். ஒரு லேப்டாப்புக்குக் கீபோர்டு மாற்றினேன். ஒரு பிரிண்டரில் கரப்பான் பூச்சி, அதையும் எடுத்தேன். இன்னும் என்னென்ன வேலை இருக்கிறது என்று தேடினேன். ஒன்றும் இல்லை.

ரிப்பேர் பிரிவுக்குப் போனால் பயமில்லை. ஆனால் அதற்கு நான் சென்னை போக வேண்டியதில்லை, இங்கேயே இருக்கலாம். இந்த வேலையை நான் வெறுக்கவில்லை. இன்றைக்கும் செத்த போர்டில் லைட் எரிந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இரண்டு மாசமாக நான் சோற்றை மறந்தது அதற்காக அல்ல. இதை ஒத்துக்கொள்ள எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

பதில் எழுதினேன். புரோகிராமர் பயிற்சிக்கு வருகிறேன் என்று மட்டும். யாருக்குப் போகிறது என்று பெயரைச் சரிபார்த்துவிட்டு அனுப்பினேன்.

அண்ணன் கல்லாவில் பென் டிரைவ்களைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தான். முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, நான் போறேன். ரிப்பேருக்கு இல்ல, கோடிங்குக்கு. அனுப்பிட்டேன்."

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

"ம்" என்றான். இன்னொரு பென் டிரைவை எடுத்து மாட்டினான். அது நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவன் நிமிரவே இல்லை. கவுண்ட்டருக்குப் பின்னால், கீழே உட்கார்ந்து அழுகிறான். அம்மாவை அடக்கம் பண்ணின அன்றுகூட இவன் வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்துக்கொண்டு நின்றவன்.

போகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எழுந்துவிடுவான். தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன். கடைக்கு ஒருவர் வந்தார். "அஞ்சு நிமிஷம் கழிச்சு வாங்க" என்று சொல்லி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவன் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். நானும் அழுதேன். அழட்டும். சொன்ன அன்றைக்கே அழுது முடிக்கட்டும்.

மே 15, வியாழன்

மேல் தட்டில் கடைசியாக இருந்ததையும் சொந்தக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஏறித் துடைத்தேன். அண்ணன் கீழே நின்று, அங்கே பிரிண்டர் அடுக்கலாமா என்று கேட்டான். பாத்துக்கிடுவோம் என்று நாக்கு நுனிவரை வந்தது. "அடுக்கு" என்றேன்.